நடுவில் நின்று போகும் ஆயில் எஞ்சின்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரேயடியாகக் கெட்டுப்போன எஞ்சினைப் பழுது பார்ப்பது சுலபம். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்று, கால் மணி நேரம் கழித்துச் சுற்றினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடுகிறதே, அந்த எஞ்சின்தான் விவசாயியைப் படாத பாடு படுத்துவது. மெக்கானிக்கை அழைத்து வந்தால் அவர் எதிரில் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் ஓடும். அவர் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு நின்று விடும்.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. நிலக்கடலையில் விழுது இறங்கும் சமயத்திலோ, நெல்லில் கதிர் வரும் சமயத்திலோ பாதி வயல் நனைந்து பாதி வயல் காய்ந்து கிடந்தால் அந்தக் குறையைப் பிறகு எந்த உரத்தாலும் ஈடு செய்ய முடியாது. பங்குக் கிணறாக இருந்தால் இன்னும் மோசம். எஞ்சின் நின்ற நேரத்துக்காகப் பங்காளி தன் முறையை விட்டுக் கொடுக்க மாட்டார். இது ஒரு பக்கம். மறு பக்கம், காரணம் தெரியாமல் செய்யும் செலவு. முதலில் நாசிலை மாற்றுவது, அதற்கும் சரிப்படவில்லை என்றால் எரிபொருள் பம்பைக் கழற்றி டவுனுக்குக் கொண்டு போவது, பிறகு பிஸ்டன் ரிங்குகள் என்று ஆயிரக்கணக்கில் போன பின், கோளாறு டாங்க் மூடியில் இருந்தது தெரிய வருவது கிராமங்களில் புதிய கதை அல்ல.

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் பம்புசெட்டுகளில் உள்ள 5 குதிரைத் திறன் அளவிலான ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பற்றியது. பழைய டிராக்டர்களுக்கும் இதில் பெரும் பகுதி பொருந்தும். டர்போ பொருத்திய எஞ்சினுக்கு உரிய சில விஷயங்கள் பின்னால் வருகின்றன.

எஞ்சினுக்கு வேண்டியவை

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. ஜெர்மானியரான ருடால்ப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் இருந்து இன்று வரை அடிப்படை ஒன்றுதான். சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் இறுக்கி அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியாகப் பனி போல் தூவப்படும் டீசல் தானே பற்றிக் கொள்கிறது. ஆகவே காற்று, அமுக்கம், டீசல் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் எஞ்சின் ஓடியே தீர வேண்டும்.

இம்மூன்றில் அமுக்கம் ஒரு மணி நேரம் இருந்து, பத்து நிமிடம் இல்லாமல் போய், மறுபடி திரும்பி வருவது அபூர்வம். ரிங் தேய்ந்தாலும் வால்வு கசிந்தாலும் எஞ்சின் காலையில் கிளம்பவே சண்டித்தனம் செய்யும். கிளம்பி நன்றாக ஓடி நடுவில் நிற்கும் எஞ்சினில் பத்துக்கு எட்டு தடவை டீசல் வரும் வழியில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பிக்கலாம். இதை மனதில் வைத்தாலே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் அவசரம் குறையும்.

நின்ற விதமே பாதி விடை

எஞ்சின் நின்றதும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அது எப்படி நின்றது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. கிளப்பியது எத்தனை மணிக்கு, நின்றது எத்தனை மணிக்கு, டாங்கில் டீசல் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கிளம்பியது என்று நாலைந்து நாள் எழுதினால் அதில் ஓர் ஒழுங்கு புலப்படும். இந்தக் காகிதம் எந்த மெக்கானிக்குக்கும் பெரிய உதவி.

வேகம் குறைவதும் ஏறுவதுமாக மூச்சுத் திணறுவது போல் ஓடி, பிறகு அடங்கி நின்றால் டீசல் குறைந்து போகிறது அல்லது அதனுடன் காற்றோ தண்ணீரோ கலந்து வருகிறது என்று அர்த்தம். புகையைக் கறுப்பாகக் கக்கிக்கொண்டு, பாரம் தாங்காத மாடு போல் இழுத்து இழுத்து நின்றால் காற்றுக் குறைவு அல்லது சுமை அதிகம். சத்தம் கனத்து, எஞ்சின் உடம்பில் இருந்து அனல் அடித்து, 'கப்'பென்று பிடித்து நின்றால் சூடு. விளக்கை அணைத்தாற்போல் எந்த முன்னறிவிப்பும் இன்றி நின்றால், மின்சார சாதனங்கள் உள்ள டிராக்டரில் ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். கைச்சுற்று எஞ்சினில் எரிபொருள் லீவரோ அதன் இணைப்புக் கம்பியோ அதிர்ச்சியில் தானாகவே 'ஸ்டாப்' பக்கம் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நின்றவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. டீ-கம்ப்ரஷன் லீவரைத் தூக்கி விட்டு, ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் எஞ்சினின் உள் உறுப்புகளில் குற்றம் இல்லை. டீசல் வழியைப் பார்க்கப் போகலாம். வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தாலோ, சுற்றவே முடியாமல் போனாலோ சூட்டில் பிஸ்டன் பிடித்திருக்கிறது. அப்போது பலம் கொண்ட மட்டும் சுற்றக் கூடாது. அவசரப்பட்டு எஞ்சின் மேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. கொதிக்கும் வார்ப்பிரும்பு குளிர்ந்த நீர் பட்டால் வெடித்து விடும். தானாக ஆறும் வரை விடுவதே வழி.

டாங்க் மூடி

மூடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும். டீசல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வருவதற்காக வைக்கப்பட்டது அது. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து துவாரம் அடைபட்டால் டாங்கில் வெற்றிடம் ஏற்பட்டு, டீசல் கீழே இறங்காமல் நின்று விடும். எஞ்சின் அணைந்ததும் இணைப்புகளின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போகும், பத்து, பதினைந்து நிமிடத்தில் டீசல் மறுபடி இறங்கும், எஞ்சின் கிளம்பும். மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்து மூடினாலும் உடனே கிளம்பும். ஆகவே 'மெக்கானிக் தொட்டதும் சரியாகி விட்டது' என்ற மயக்கம் இந்தக் கோளாறில்தான் அதிகம்.

மூல மூடி தொலைந்து போய், வாயில் பாலிதீன் தாளைப் போட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருப்பதைப் பல கிணற்றடிகளில் காணலாம். மழைத் தண்ணீர் போகாது என்பது சரி. காற்றும் போகாது. கந்தைத் துணியை அடைத்தால் காற்று போகும், கூடவே நூலும் தூசியும் போகும். புது மூடி வாங்குவதுதான் சிக்கனம்.

அடைபட்ட மூடிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. டாங்கை நிரம்ப ஊற்றிய அன்று எஞ்சின் சீக்கிரம் நிற்கும். பாதி டாங்கில் அதிக நேரம் ஓடும். மேலே உள்ள காற்று விரிவதற்கு இடம் இருப்பதுதான் காரணம். இதற்கு நேர்மாறாக, டீசல் குறையக் குறைய அடிக்கடி நிற்கிறது என்றால் மூடியில் குற்றம் இல்லை. டாங்கின் அடியில் உள்ள வண்டலும் தண்ணீரும் வர ஆரம்பித்து விட்டன. சந்தேகம் தீர, ஒரு நாள் முழுவதும் மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டிப் பார்க்கலாம். அன்று நிற்கவில்லை என்றால் மெல்லிய ஊசியால் துவாரத்தைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்தது.

டாங்கிற்குள் விழுந்த இலைத் துண்டு

இது எளிதில் பிடிபடாத எதிரி. டீசல் ஊற்றும்போது ஒரு சருகோ, பெயிண்ட் செதிலோ, டப்பா மூடியின் காகிதத் தக்கையோ உள்ளே விழுந்து விடுகிறது. அது மிதந்துகொண்டே இருக்கும் வரை தொல்லை இல்லை. ஓட்டத்தில் இழுக்கப்பட்டு வெளிவாயில் போய் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நிற்கும். நின்றதும் இழுப்பு இல்லாததால் அது விலகிப் போய்விடும், எஞ்சின் கிளம்பும். இப்படி ஒட்டுவதும் விலகுவதுமாக மாதக்கணக்கில் ஏமாற்றும். காலம், சூடு, சுமை எதற்கும் கட்டுப்படாமல் ஒரு நாள் அரை மணியிலும் மறுநாள் மூன்று மணியிலும் நின்றால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு டீசல் ஓட்டச் சோதனை நல்லது. எஞ்சின் நின்றவுடன், எரிபொருள் பம்பிற்குள் நுழையும் குழாயை அங்கேயே கழற்றி, கீழே ஒரு சுத்தமான கண்ணாடிப் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். 5 குதிரைத் திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் டீசல் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 17 மில்லி லிட்டர் போதும். உயரத்தில் உள்ள டாங்கில் இருந்து தானாக இறங்கும் டீசல் இதைப்போல் பல மடங்கு, அறுபடாத தாரையாக விழ வேண்டும். முதலில் தாரையாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் எங்கோ அடைப்பு. மூடியைத் திறந்ததும் தாரை பெருத்தால் மூடி. அப்படியும் பெருக்காவிட்டால், அடுத்து வடிகட்டிக்கு முன்னால் உள்ள இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கே தாராளமாக வந்தால் வடிகட்டியில் அடைப்பு. அங்கேயும் வரவில்லை என்றால் டாங்கிலோ, அதன் குழாயிலோ, திருகு குழாயிலோ அடைப்பு. இவ்வாறு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போனால் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

பழைய ரப்பர் ஹோஸ்களையும் மறக்கக் கூடாது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே ஊறி, தோல் உரிந்து, வால்வு போல் மடங்கி வழியை மூடுவது உண்டு. சந்தேகம் இருந்தால் மாற்றி விடலாம். விலை அதிகம் இல்லை.

வடிகட்டியும் தண்ணீரும்

வடிகட்டி அடைபடத் தொடங்கிய எஞ்சின் சும்மா ஓடும்போது குறை தெரியாது. பெல்ட்டைப் போட்டுத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்த பிறகுதான் தவிக்கும். துணி வடிகட்டியைச் சுத்தமான டீசலில் அலசிப் போடலாம். காகித வடிகட்டியை அலசுவதும் ஊதுவதும் வீண். மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஏற்பட்டு, மண் நேராகப் பம்புக்குப் போகும். வடிகட்டி மிச்சம் பிடித்த காசுக்குப் பல மடங்கு நாசிலும் பிளஞ்சரும் கேட்கும். எஞ்சின் கையேட்டில் சொன்ன மணிக்கணக்குக்கு ஒரு முறை மாற்றுவது அவசியம்.

டீசலில் தண்ணீர் கலந்தால் எஞ்சின் இருமும், வெள்ளைப் புகை விடும், நிற்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். மேலே சொன்ன பாட்டிலை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

'பங்க்கில் நல்ல டீசல்தான் வாங்கினேன், தண்ணீர் எங்கிருந்து வந்தது' என்று கேட்பவர்கள் உண்டு. பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் காற்றில் உள்ள ஈரம் உட்சுவரில் முத்து முத்தாக வியர்த்து இறங்குகிறது. வேலை முடிந்த மாலையே டாங்கை நிரப்பி வைத்தால் வியர்க்க இடம் இருக்காது. வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயில் தண்ணீர் புகுவது வேறு விதம். மேல் தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே உள்ள காற்று விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கும்போது, சரியாக இறுகாத மூடியின் மரை வழியாகத் தேங்கிய தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பீப்பாயை நிழலில், ஒரு பக்கம் சற்றுத் தூக்கிச் சாய்வாக வைத்து, ஒரு நாள் தெளிய விட்டு, அடி டீசலைத் தொடாமல் மேலாக எடுக்க வேண்டும். தண்ணீர் தங்கிய டீசலில் நாளடைவில் ஒரு வகை நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பான கோழை போல் படிவதும் உண்டு. புது வடிகட்டியையும் சில நாளில் அடைத்து விடும். அப்படிக் கண்டால் டாங்கையே இறக்கிக் கழுவ வேண்டும்.

காற்று பிடித்தல்

டீசல் குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால், பிளஞ்சர் அதை அமுக்குவதிலேயே தன் வேலையைச் செலவழிக்கும். நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. டாங்க் வற்றும் வரை ஓட்டினாலும், வடிகட்டி மாற்றிய பிறகு காற்றை எடுக்காமல் விட்டாலும் இது நேரும். காற்று எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே. முதலில் வடிகட்டியின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை விட்டு, வடியும்போதே இறுக்க வேண்டும். அடுத்து பம்பில் உள்ள திருகு. கடைசியாக நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்தி, டீ-கம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றி, சுத்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். பிறகு சுற்றும்போது நாசிலில் 'கீர்ச்' என்று ஓசை கேட்டால் சரி. வரிசையை மாற்றிச் செய்தால் பயன் இல்லை.

எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயைத் தளர்த்தி விரலால் அடைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மிகவும் ஆபத்தானது. நாசிலில் டீசல் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவு அழுத்தத்தில் வருகிறது. அது தோலைத் துளைத்து உள்ளே போனால் வலி முதலில் தெரியாது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் இது.

காற்றை எடுத்த பிறகும் இரண்டொரு நாளில் மறுபடி காற்று பிடித்தால் எங்கோ வழி இருக்கிறது. டாங்க் மேலே உள்ள பம்புசெட் எஞ்சினில் அந்த இடத்தில் டீசல் கசிந்து ஈரமாகக் காட்டிக் கொடுக்கும். டிராக்டரில் டாங்க் தாழ்வாக இருந்து, பீட் பம்ப் டீசலை உறிஞ்சி எடுப்பதால் நிலைமை வேறு. உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ஓட்டை டீசலை வெளியே விடாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். காய்ந்து கிடக்கும் இணைப்பை நல்லது என்று எண்ணி விட்டு விடுகிறார்கள். நசுங்கிய பழைய காப்பர் வாஷர்களை மாற்றினாலே பல டிராக்டர்கள் சரியாகி விடும்.

சூடு

பம்பில் இருந்து வரும் தண்ணீரில் ஒரு பகுதிதான் பல எஞ்சின்களைக் குளிர்விக்கிறது. கிணற்றில் நீர் இறங்கி, புட்வால்வில் காற்று இழுத்து, பம்ப் தண்ணீர் எடுக்காமல் விட்டால் எஞ்சினுக்கும் தண்ணீர் கிடையாது. ஆள் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டு தூரத்தில் இருப்பார், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். எஞ்சினில் இருந்து வெளிவரும் நீர் கை பொறுக்கும் சூட்டில், தடையின்றி வர வேண்டும். உப்புத் தண்ணீர்க் கிணறுகளில் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையில் உப்புப் படிந்து வழி குறுகிவிடும். காற்றால் குளிரும் எஞ்சினில் தகட்டு மடிப்புகளுக்கு நடுவே பதரும் தூசியும் அடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் குறைந்தாலும் இதே முடிவுதான்.

கிணற்றுக்குள் இறக்கிய எஞ்சின்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நிற்பது எஞ்சின் மட்டும் அல்ல.

பம்ப் 6 அல்லது 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. கோடையில் நீர் இறங்கியதும் எஞ்சினைக் கிணற்றுக்குள் உள்ள திட்டில் இறக்கி வைப்பவர்கள் உண்டு. அங்கே வெளிவரும் புகைக்குப் போக்கிடம் இல்லை. எஞ்சின் தன் புகையையே திரும்பத் திரும்ப இழுத்து, பிராணவாயு குறைந்து, கறும்புகை கக்கி நின்று விடுகிறது. மேலே உள்ளவர் 'மறுபடி நின்று விட்டது' என்று அதைக் கிளப்பக் கீழே இறங்குகிறார். எஞ்சினுக்கே போதாத காற்று மனிதனுக்கு எப்படிப் போதும்? புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களின் புகையில் இது டீசலைவிட மிக அதிகம். முதலில் தலை கனக்கும், கால் துவளும், ஏணியைப் பிடிக்கக் கூடத் தெம்பு இருக்காது. அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுகிறார். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, அணையவில்லை, ஆகவே இறங்கலாம் என்று எண்ணுவதும் தவறு. இந்த விஷ வாயு இருக்கும்போதும் விளக்கு எரியும். புகைபோக்கிக் குழாயைக் கிணற்றுக்கு வெளியே வரை கொண்டு வராமல் எஞ்சினை உள்ளே ஓட்டவே கூடாது. நின்று போனால், புகை கலைய நீண்ட நேரம் விட்டு, மேலே இருவர் கயிற்றைப் பிடித்திருக்க, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஒருவர் இறங்க வேண்டும். மயங்கி விழுந்தவரைத் தூக்க, கயிறும் காற்றுக் கருவியும் இன்றி யாரும் குதிக்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும்.

சுமை

பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. தனியாக ஓடும்போதும் நின்றால் குற்றம் எஞ்சினில். தனியாக ஓடி, பம்புடன் நின்றால் வடிகட்டியைப் பார்த்து விட்டு, பம்பையும் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிய பம்பைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். தண்ணீர் சொட்டுகிறதே என்று கிளாண்ட் கயிற்றை ஒரேயடியாக இறுக்கி விடுவதால் தண்டு பிடிக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதே அங்கே சரியான நிலை. மழைக்குப் பின் கிணறு நிரம்பியிருக்கும்போது பம்ப் அதிகத் தண்ணீர் தள்ளும். அதற்கேற்ப எஞ்சினுக்குச் சுமையும் கூடும். கோடையில் சிரமமின்றி ஓடிய எஞ்சின் ஐப்பசியில் கறும்புகை விடுவதற்கு இது ஒரு காரணம். வெளியேற்று வால்வைக் கொஞ்சம் மூடினால் சுமை குறையும்.

டிராக்டரும் டர்போவும்

சில டிராக்டர்களில் சாவியைத் திறந்தால் மின்சாரம் போய் எரிபொருளைத் திறந்து விடும் சோலனாய்டு பம்பின் மேல் இருக்கும். அதற்குப் போகும் ஒயர் தளர்ந்திருந்தால், மேடு பள்ளத்தில் குலுங்கும் ஒரு கணம் தொடர்பு அறுந்து எஞ்சின் சட்டென்று அணையும், உடனே கிளம்பும். வரப்பு தாண்டும்போதெல்லாம் நிற்கிறது என்றால் இதுதான். 12 வோல்ட் பல்பு ஒன்றை அந்த ஒயரில் இணைத்து, எஞ்சின் ஓடும்போது ஒயரையும் பியூஸையும் லேசாக அசைத்துப் பார்த்தால் பல்பு மினுக்கிக் காட்டிக் கொடுக்கும்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் அதிகக் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கும் சாதனம். ஸ்விட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் ஆல்பிரட் பியூக்கி 1905-ல் காப்புரிமை பெற்றது. பழைய டர்போ டிராக்டர்களிலும் சரக்கு ஜீப்புகளிலும் நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் மேலே சொன்னவைதாம். டர்போவின் மேல் பழி போடுவது அவசரம். டர்போ பக்கத்தில் பார்க்க வேண்டியவை சில. காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய் பழையதாகி, அதிக இழுப்பில் உள்நோக்கி நசுங்கினால் காற்று நின்று எஞ்சின் திணறும். நின்றதும் குழாய் பழைய வடிவத்துக்கு வந்து விடுவதால் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் வேகத்தைக் கூட்ட, மற்றவர் பார்க்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயின் கிளிப் தளர்ந்தால் சீறும் சத்தமும் கறும்புகையும் சக்தி இழப்பும் வரும். நீலப்புகை வந்து ஆயில் குறைந்துகொண்டே போனால் டர்போவின் சீல் போய்விட்டது. அதை அப்படியே ஓட்டக் கூடாது. கசியும் ஆயிலையே எரித்து, அணைத்தாலும் அணையாமல் எஞ்சின் தறிகெட்டு ஓடும் அபாயம் உண்டு.

முழுச் சுமையில் உழும்போது டர்போ எஞ்சின் நின்று விட்டால், முடிந்தவரை உடனே கிளப்பிச் சில நிமிடம் சும்மா ஓட விட வேண்டும். கொதிக்கும் டர்போவின் தண்டுக்கு ஆயில் ஓட்டம் நின்றால் ஆயில் கருகிப் படிந்து, பேரிங் கெடும். அன்றாடம் வேலை முடிந்து அணைக்கும்போதும் இரண்டொரு நிமிடம் சும்மா ஓட விட்டு அணைப்பது இதற்காகவே.

காமன் ரெயில் என்னும் முறையில் வரும் புது எஞ்சின்களில் டீசல் அழுத்தம் பழைய எஞ்சின்களைப்போல் பல மடங்கு. அவற்றில் எந்த டீசல் குழாயையும் வீட்டில் தளர்த்தக் கூடாது.

கடைசியாக எரிபொருள் பம்ப்

மூடி, குழாய், வடிகட்டி, தண்ணீர், காற்று, சூடு, சுமை எல்லாம் பார்த்தாகி விட்டது. ஆனாலும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்தான் நிற்கிறது, ஹேண்டில் லேசாகச் சுற்றுகிறது, ஆறிய பின்தான் கிளம்புகிறது என்றால் பம்பின் பிளஞ்சர் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் இளகி மெலிதாகிறது. தேய்ந்த பிளஞ்சரின் ஓரமாக அது நழுவி விடுவதால் அழுத்தம் வருவதில்லை. எஞ்சின் நின்ற நிலையில், ஈரத் துணியைப் பிழிந்து பம்பைச் சுற்றி ஐந்து நிமிடம் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் மற்ற பாகங்கள் சூடாக இருக்கும்போதே, பம்ப் மட்டும் குளிர்ந்ததும் கிளம்பினால் சந்தேகம் உறுதியாகிறது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களின் பம்புகள் இந்த நிலைக்குச் சீக்கிரம் வருகின்றன. மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு. பிளஞ்சருக்கு டீசலைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது.

பம்பைக் கழற்றிச் சோதனை மேடை உள்ள பட்டறைக்குத்தான் கொண்டு போக வேண்டும். கிணற்றடியில் பிரிக்கும் வேலை அல்ல இது. கழற்றியதும் குழாய்களின் திறந்த வாய்களைச் சுத்தமான பாலிதீனால் கட்டி விட வேண்டும். ஒரு மணல் துகள் போதும் புது பிளஞ்சரைக் கீறுவதற்கு. எஞ்சினில் பம்ப் உட்காரும் இடத்தில் மெல்லிய தகட்டு ஷிம்கள் இருக்கும். டீசல் தூவப்படும் நேரத்தை நிர்ணயிப்பவை இவை. எத்தனை ஷிம்கள் இருந்தன என்று எண்ணி, ஒரு கவரில் போட்டு எஞ்சின் அறையிலேயே பத்திரமாக வைத்து, பம்ப் திரும்பி வந்ததும் அதே எண்ணிக்கையில் போட வேண்டும்.